காது வளர்த்தலும் காவலும்

(நமது இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நம்மை அழைத்தபோது, "எதைப் பற்றியும் பேசுங்கள்; இளைஞருக்குப் பயன்படுவதாக இருந்தாற் போதும்" என்று பணித்தார்கள். பத்தியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசுதற்கு நம்மிலும் வல்லார் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலால் நாம் மிகச் சிறிய பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். அது காது. காதிலும், தோடு தொங்குகின்ற அந்தச் சோணை.

பின்வரிசையிற் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் இப்பொருளை நாம் சிரிப்பதற்காக எடுக்கவில்லை. சென்ற மாரிகாலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதன்பின் நீங்களே தீர்மானியுங்கள்.

நமக்கு நன்கு தெரிந்த வீட்டுத் தம்பி ஒருவர், பெயர் வேண்டா. பட்டணத்துக் கடையொன்றில், காதுத் துளையைப் பெருப்பிக்கும் தக்கைகள் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினார். 'பிளக்' என்று இளைஞர் சொல்வது இதைத்தான். தகப்பனார் கண்டார். "காட்டுமிராண்டி வேஷம் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்" என்று ஏசினார். தம்பி வாய் திறக்கவில்லை, தக்கையையும் விடவில்லை. பத்தே நாளில், ஒரு மில்லிமீற்றர் அளவான துளையை எட்டு மில்லிமீற்றர் வரை தள்ளி ஏற்றினார். காது வீங்கியது. ஏச்சுக்குப் பயந்து தொப்பியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டார். தலையணை உறையில் சீழும் இரத்தமும் பட்டிருந்ததைத் தாயார் கண்டபோது காய்ச்சலும் வந்துவிட்டது. வைத்தியசாலையிற் பல நாள் கிடந்தார். உயிருக்கு மோசமில்லை, ஆனால் இடக்காதுச் சோணை பிளந்து தழும்பாகிவிட்டது.

இதிற் பிழை யாருடையது? அவசரப்பட்ட தம்பியுடையதா, விளக்கம் எதுவும் சொல்லாது விற்ற கடைக்காரருடையதா, ஏசிய தகப்பனாருடையதா? நாம் வழக்குத் தீர்க்க வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறோம். அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. தகப்பனாரின் அப்பாச்சி அதில் இருக்கிறார். அவருடைய காது தோளைத் தொடுகிறது!

ஆம், பெரியோர்களே. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களை நாம் அறிவோம். அக்குடும்பங்களின் முன்னோர் தோட்டத் தொழிலுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் பெண்கள் காது வளர்ப்பது பெருவழக்காக இருந்தது. பெண் குழந்தைக்குக் காது குத்திப் பஞ்சுத் திரி இடுவார்கள். திரியை நாளடைவிற் பெரிதாக்குவார்கள். பிறகு 'குணுக்கு' என்ற ஈய வளையத்தைத் தொங்கவிடுவார்கள். துளை அகன்று சோணை நீண்டபின், தண்டட்டி, பாம்படம் என்ற பொன்னணிகள் ஏறும். பாம்படம் பார்வைக்குப் பாரமானது; உள்ளே அரக்கை நிரப்பி மேலே பொற்றகடு போர்த்துச் செய்வதால் கனம் குறைவு. வளர்ந்த காது அக்காலத்தில் அழகு; குடும்பத்தின் செல்வம்; பெண்ணின் கையிருப்பு.

இவ்வழக்கம் தென் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த உறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இந்நாட்டவர் இளமையிலே காது குத்தித் தென்னோலையைச் சுருட்டித் துளையிற் செருகிப் பெருப்பிப்பர் என்று எழுதியிருக்கிறார். ஓலைச் சுருளின் தந்திரம் எளியது. சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும். விரியும்போது துளையின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, மெல்லத் தள்ளும். பொன்னாற் செய்த காதணியையும் 'ஓலை' என்று நம்மவர் வழங்கியது இதனாலேயே. 'தோடு' என்ற சொல்லும் ஓலையையும் பூவிதழையும் குறிப்பதுதான். சம்பந்தப் பிள்ளையார் தமது முதற் பதிகத்தை இறைவனுடைய செவித் தோட்டைச் சொல்லித்தானே தொடங்கினார்! அர்த்தநாரீசுவர வடிவத்தில் ஒரு செவியிற் குழையும் மறு செவியில் தோடும் இருப்பதைக் கோயிலில் நாளும் காண்கிறோம். புத்தர் சிலைகளின் நீண்ட காதுகளைப் பாருங்கள். அரச குமாரனாகப் பாரமான அணி பூண்டு, பின்பு அவற்றைத் துறந்த காதுகள் அவை என்பர்.

ஆபிரிக்காவில் மசாய் மக்களும், போர்னியோத் தீவின் பழங்குடி மக்களும் காது வளர்த்தவர்களே. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மனிதனின் உடல் ஐயாயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது. அவனுடைய காதுத் துளைகளும் பெருப்பிக்கப்பட்டவையே. ஆகவே இதை 'அந்நிய வேஷம்' என்று தள்ளுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. வெளிநாட்டுப் பாடகரைப் பார்த்து இளைஞன் போட்டுக்கொண்டது, அவன் பூட்டியின் காதில் இருந்ததுதான்.

அப்படியானால் போட்டுக்கொள்ளட்டுமே என்று சொல்லவா வந்தோம்? அதுவுமன்று. இளைஞர் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள்; முறையை எடுத்துக்கொள்ளவில்லை. பெரியோர் முறையை மறந்துவிட்டார்கள். ஏச்சை மட்டும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் அந்தத் தம்பியின் காது பிளந்தது.

முறை என்றால் என்ன? சுசுருத சங்கிதையைப் பாருங்கள். சத்திர வைத்தியத்துக்கு மூலமான அவ்வடமொழி நூலில், காது குத்துதலுக்கும் அறுந்த காதைக் கூட்டுதலுக்கும் ஓர் அத்தியாயமே உண்டு. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில், குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டி, காதை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வெயில் ஊடுருவித் தெரிகின்ற மெல்லிய இடத்திற் குத்தவேண்டும் என்கிறது. ஆண் குழந்தைக்கு முதலில் வலக்காது, பெண் குழந்தைக்கு முதலில் இடக்காது. மிகுந்த நோவும் இரத்தமும் கண்டால் இடம் தவறிவிட்டது என்று அறியவேண்டும். குத்தியபின் பஞ்சுத் திரி. மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றுப் பருத்த திரி. ஆறியபின் நாயுருவி, வேம்பு, பருத்தி ஆகியவற்றின் குச்சியோ ஈயமோ கொண்டு துளையைப் பெருப்பித்தல். இந்த ஒழுங்கிலே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. காது பழுப்பதற்குக் காரணம் சொல்லும்போது, அளவுக்கு மிஞ்சிப் பருத்த திரியை இடுவதையும் அந்நூல் ஒரு காரணமாகக் கூறுகிறது! அப்படி நேர்ந்தால் திரியை உடனே எடுத்து, மருந்திட்டு, முற்றும் ஆறவிட்டு, மீண்டும் தொடங்கு என்கிறது. அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லாத வார்த்தை இதுவே.

பழைய முறை முழுவதும் நல்லது என்று நாம் சாதிக்க வரவில்லை. ஈயம் நஞ்சு என்பதை இன்று அறிவோம். உடலிற் சேர்ந்தால் மூளைக்கும் இரத்தத்துக்கும் கேடு, சிறு பிள்ளைகளுக்கு மிகப் பெரிய கேடு. பாரம் தொங்கவிட்டதால் சோணை நூலாக மெலிந்து அறுந்த பெண்கள் பலர். பிற்காலத்திற் காலம் மாறி, வளர்ந்த காதைப் பட்டிக்காட்டு அடையாளம் என்று ஊர் நகைக்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். முதலில் வளர்க்கச் சொன்னதும் ஊர். பிறகு வெட்டச் சொன்னதும் ஊர். நோவு மட்டும் அவர்களுடையது. ஆகையால் பழமையிலிருந்து நாம் எடுக்கவேண்டியது ஈயத்தையன்று, பொறுமையை.

பொறுமை ஏன் வேண்டும்? சோணையில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. தோலும் கொழுப்பும் நாருமே உண்டு. மெல்லத் தள்ளினால் தோல் புதிதாக வளர்ந்து இடம் கொடுக்கும். பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே கிழியும். கிழிந்த இடம் தழும்பாகும். தழும்பு பின்பு விரியாது. விரைந்து ஓடியவன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். மெல்ல நடந்தவன் போய்ச் சேர்கிறான்.

இனி, செய்யத்தான் போகிறேன் என்று உறுதிகொண்ட இளைஞருக்கு, இன்றைய அறிவுப்படி சில வார்த்தைகள்.

முதலாவது, துளை. கிருமி நீக்கிய, ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியாற் குத்துவிக்கவேண்டும். பலருக்குக் குத்திய ஊசியால் ஈரலைத் தாக்கும் ஹெபடைற்றிஸ் நோயும் எச்.ஐ.வி. கிருமியும் தொற்றக்கூடும். ஏற்பு ஊசி ஒழுங்காகப் போட்டதா என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பதினொரு வயதளவிற் போட்டிருப்பார்கள். சோணையிலன்றி மேற்காதிற் பெருப்பிக்கவே கூடாது. அங்கே குருத்தெலும்பு உண்டு. அது பழுத்தாற் காதின் வடிவமே கெட்டுவிடும்.

இரண்டாவது, காலம். குத்திய துளை வெளியே ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறினாற்போலத் தோன்றும். உள்ளே ஆறுவதற்கு மாதங்கள் செல்லும். ஆறு மாதமாவது காத்திருங்கள். ஒரு வருடமானால் மிக நன்று. அதன்பின் 1 மில்லிமீற்றரிலிருந்து 1.2, 1.6, 2, 2.5, 3 என்று படிப்படியாக ஏறி, மேலே 4, 5, 6, 7, 8 என்று போகலாம். ஒரு தடவையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றலாகாது. ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையில் இரண்டு மாதமாவது செல்லட்டும். பெரிய அளவுகளுக்கு மூன்று மாதம். கணக்குப் பாருங்கள்: எட்டு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு வருடம். தம்பி எடுத்ததோ பத்து நாள்!

மூன்றாவது, போடும் விதம். கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். இளஞ்சூட்டு நீரிற் குளித்தபின் தோல் இளகியிருக்கும். சுத்தமான எண்ணெய் சிறிது பூசி, தக்கையை மெல்லச் செலுத்துங்கள். இலேசான இறுக்கம் தெரியலாம், நோவு தெரியக்கூடாது, இரத்தம் வரவே கூடாது. போகாவிட்டாற் பலவந்தம் செய்யாது பழைய அளவையே போட்டு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். பாரம் தொங்கவிட வேண்டா. ஒரு முனை கூர்ந்த கோலைச் செருகி அப்படியே விட்டுக்கொண்டு திரிய வேண்டா. அது வழிகாட்டும் கருவியேயன்றி அணியன்று.

நான்காவது, பொருள். புதிதாகப் பெருப்பித்த துளைக்குக் கண்ணாடி, தைற்றேனியம், உடலிற் பொருத்துவதற்கு உகந்த உருக்கு ஆகியவை ஏற்றவை. மரமும் கொம்பும் முற்றும் ஆறிய காதுக்கு மட்டும். இறப்பர் போன்ற சிலிக்கன் தக்கை புதுத் துளையில் ஒட்டி இழுக்கும். அதுவும் ஆறிய பின்னரே. மலிவு உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் பலருக்கு அரிப்பும் புண்ணும் உண்டாகும். இரு பக்கமும் விரிந்த தக்கையைப் புதுத் துளையிற் புகுத்தினாற் கிழியும்; நேரான தக்கையைப் போட்டு இறப்பர் வளையத்தால் நிறுத்துங்கள்.

ஐந்தாவது, பராமரிப்பு. கொதித்தாறிய நீர் ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி உப்பிட்டு நாளுக்கு இருமுறை கழுவினாற் போதும். பச்சைப் புண்ணில் எண்ணெயும் மஞ்சளும் அப்ப வேண்டா. முற்றும் ஆறியபின் தக்கையைக் கழற்றி, கழுவி, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இட்டு நாளும் சில நிமிடம் சோணையை உருவிவிடுங்கள். பூட்டிமார் செய்தது இதுவே. தோலை மெதுவாக்கி இரத்த ஓட்டத்தைக் கூட்டும். வயலிற் சூடடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்கும்போதும் பந்தடிக்கும்போதும் கழற்றிவிடுங்கள். மோட்டார் சைக்கிளிற் போகிறவர்கள் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றும்போது அவதானம் வேண்டும்.

ஆறாவது, ஆபத்தின் அடையாளம். துளையின் பின்புறம் தோல் உதடுபோலப் பிதுங்கினால், அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பது பொருள். ஒன்றிரண்டு படி கீழே இறங்கி ஆறவிடுங்கள். சிவப்புப் பரவுதல், கொதித்த வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரிடம் போங்கள். தக்கையை எடுப்பதா வைப்பதா என்று அவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்குவது புத்தியன்று. தழும்பு கட்டியாகத் தடித்து வளரும் உடல்வாகு உடையவர்கள், கட்டுப்படாத நீரிழிவு உடையவர்கள் இதில் இறங்காதிருப்பதே நன்று. நம் போன்ற கருநிறத் தோலினருக்கு அத்தடித்த தழும்பு கூடுதலாக வரும் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எட்டு மில்லிமீற்றரளவில் நிறுத்தியவர்களுக்குத் தக்கையை எடுத்தபின் துளை பெரும்பாலும் சுருங்கக்கூடும். அதற்கு மேற் போனவர்களுக்குச் சத்திர சிகிச்சையே வழியாகலாம். யாருக்கு எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல ஒருவராலும் இயலாது. பதினேழு வயதிற் செய்வதை முப்பது வயதிலும் சுமக்கவேண்டும். ஆகவே சட்டப்படி வயது வந்தபின், யோசித்து, வீட்டிற் சொல்லிச் செய்யுங்கள். அறுந்த காதுக்கும் வழி உண்டு. புண் ஆறியபின் சத்திர வைத்தியர் விளிம்பைச் சீவித் தைப்பார். சில மாதம் சென்றபின் தழும்பை விலக்கி வேறிடத்திற் குத்தலாம். அறுந்த காதைக் கூட்டுவதற்குச் சுசுருதர் பதினைந்து வகை சொன்னார். கன்னத்துத் தோலை உயிரோடு திருப்பி ஒட்டுவதும் அவற்றில் ஒன்று. இக்காலப் பெரு வைத்தியர்களும் மதிக்கும் வித்தை அது.

அன்பர்களே, முடிக்குமுன் ஒரு சிறு காட்சி. 2009ஆம் ஆண்டு. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த நம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தார்கள். தோடும் வளையலும் வழியிலேயே அரிசியாகவும் மாவாகவும் போய்விட்டன. வெறுங் காதோடு இருந்த தாயொருத்தி, தன் துளையிலும் மகளின் துளையிலும் வேப்பம் ஈர்க்கை ஒடித்துச் செருகியதைக் கண்டோம். "ஏன் அம்மா?" என்றோம். "தூர்ந்து போகாமல் இருக்கட்டும் தம்பி, ஒருநாள் தோடு போடலாம்தானே" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. ஈர்க்குத்தான், ஆனால் நாளை என்று ஒன்று உண்டு என்பதை அது தாங்கிக்கொண்டிருந்தது.

ஆகையால், தகப்பன்மாரே, பிள்ளை காதில் எதையாவது கண்டால் முதலில் ஏசாதீர்கள். "நோகிறதா? காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பிறகு சொல்லலாம். ஏச்சு காதைக் காக்காது. தொப்பிக்குள் மறைக்க மட்டுமே கற்பிக்கும். தாய்மாரே, தைப்பூசத்திற் பேத்திக்குக் காது குத்தும்போது, ஈர்க்கும் திரியும் ஏன் என்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். தம்பிமாரே, தங்கைமாரே, நோவை மறைக்காதீர்கள், அவசரப்படாதீர்கள். கண்ணாடியின் முன் நிற்குமுன் ஒருமுறை வீட்டுச் சுவரில் தொங்கும் பூட்டியின் படத்தின் முன் நில்லுங்கள். அந்தக் காது ஒரே நாளில் வளரவில்லை.

அந்தத் தம்பி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். தம் கதையைச் சொல்ல அவரே இசைந்தார். அவரைக் கூட்டி வந்தவர் அவருடைய தகப்பனார். இருவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். இனி நாம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.